நின்ற கல்யாணத்தின் முன்பணம்

அத்தியாயம் 11

ரைஹானாவின் கல்யாணம் நின்றுபோன செய்தி வந்ததிலிருந்து சங்கரன்கோவில் மினாரா ஸ்டூடியோவில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்டூடியோவை நடத்தும் ஷேக் ஃபரீத், அந்தக் கல்யாணத் தேதியைச் சுழித்து வைத்த காலண்டர் இருந்த சுவர்ப்பக்கம் திரும்பாமலே வேலை பார்த்தார். அவர் மனைவி சாஜிதா பானு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேறொரு வீட்டுக் கல்யாண ஆல்பத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஃபரீத்தின் தங்கை நஸ்ரின் பானு லென்ஸ்களைத் துடைத்தாள். துடைத்ததையே எடுத்து மறுபடியும் துடைத்தாள்.

அது நஸ்ரினைத் தேடி வந்த புக்கிங். புருஷனைப் பிரிந்து அண்ணன் வீட்டுக்கு வந்து, பொழுது போகாமல் கேமராவைத் தொட்டவள் அவள். பெண்கள் இருக்கும் கூடத்துக்குள் ஒரு பெண்ணே வந்து படம் எடுக்கிறாள் என்று இந்த இரண்டு வருஷத்தில் சுற்றுவட்டாரமெல்லாம் பேராகிவிட்டது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் மைதீன் பாட்சா, "என் மகள் ரைஹானாவுக்கு உங்க தங்கச்சிதான் எடுக்கணும்" என்று ஃபரீத்திடம் சொல்லி அனுப்பினார். இந்தக் கல்யாணம் முடிந்ததும் அவளுக்கென்று தனியாகப் புதுக் கேமரா வாங்குவதாக வீட்டில் பேச்சு. அதற்கான பணத்தைச் சாஜிதா சிறுகச் சிறுகச் சேர்த்து ஒதுக்கி வைத்திருந்தாள்.

போட்டோ செலவை மாப்பிள்ளை வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். மாப்பிள்ளை ரிஸ்வான் அகமதுவுக்குத் துபாயில் வேலை. அவன் சார்பில் அண்ணன் ஆஷிக் அலி கடையநல்லூரிலிருந்து வந்து ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டுப் போனான். நிச்சயதார்த்தம் புளியங்குடியில், பெண் வீட்டில் நடந்தது. நஸ்ரின் தனியாகப் போய் படம் எடுத்து வந்தாள்.

அடுத்த சில வாரங்களில் ரைஹானாவே கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்பது சங்கரன்கோவில் வரைக்கும் வந்து சேரவில்லை.

அன்று காலை, கடை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்த ஈரம் காயும் முன்பே, ஆஷிக் அலியின் பைக் வந்து நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய்."

"வ அலைக்கும் ஸலாம். வாங்க தம்பி, உக்காருங்க."

ஆஷிக் உட்கார்ந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டான். தூங்கிப் பல நாளான முகம்.

"விஷயம் காதுக்கு வந்திருக்கும்."

"வந்துச்சு. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு தம்பி."

"மண்டபத்துல பாதிதான் திருப்பித் தருவோங்காவ. சமையல்காரர் கொடுத்தது கொடுத்ததுதான்னுட்டாரு. அடிச்ச பத்திரிகை கட்டுக்கட்டா வீட்டுல கெடக்கு. எல்லா வாசலுக்கும் நான்தான் ஏறி இறங்குதேன். உங்க கணக்கு என்ன பாய்?"

ஃபரீத் திரும்பிச் சாஜிதாவைப் பார்த்தார். கடையில் பணப் பேச்சு அவளுடையது.

சாஜிதா எழுந்து வந்து புக்கிங் தாளை அவன் முன் வைத்தாள். அதன் அடியில் ஒரு வரி உண்டு: வாடிக்கையாளர் ரத்து செய்தால் முன்பணம் திரும்பத் தரப்பட மாட்டாது. அதைச் சேர்த்தவள் அவள்தான். ராயகிரியில் ஒரு கல்யாணம் கடைசி நேரத்தில் தள்ளிப்போய், ட்ரோன்காரருக்கும் லைட்காரருக்கும் கைக்காசைக் கொடுத்து அனுப்பிய வருஷம் அச்சடித்த வரி.

"தம்பி, இதைச் சொல்ல எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. அந்தத் தேதிக்குத் திருவேங்கடத்துல ஒரு கல்யாணம் தேடி வந்துச்சு. உங்களுக்குப் பேசிட்டோம்னு வேண்டாம்னுட்டோம். இனி அந்த நாள் எங்களுக்குச் சும்மாத்தான் போவும்."

அவன் கோபப்படுவான் என்று மூவருமே எதிர்பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான்.

"ராத்தா, நான் சண்டை போட வரல. எழுதியிருக்குன்னா இருக்கட்டும், பணம் வேண்டாம். நிச்சயத்துல எடுத்த படத்தைக் குடுத்துருங்க. அதுக்குக் காசு கட்டியிருக்கோம்லா? எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தாங்க. நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன்."

ஃபரீத்தின் தோள் தளர்ந்தது. இவ்வளவுதானா என்று அவர் வாயெடுக்கும்போது நஸ்ரின் உள்ளே இருந்து கேட்டாள்.

"அந்தப் படம் யாருக்கு?"

"என் தம்பி ரிஸ்வானுக்கு. தினமும் போன் பண்ணுதான். 'எனக்குச் சேர வேண்டியதை வாங்கி அனுப்பு'ங்கான்."

"கல்யாணமே இல்லைன்னு ஆன பொறவு, அந்தப் பொண்ணு படம் அவருக்கு எதுக்கு?"

ஆஷிக் ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து விட்டான்.

"எனக்குத் தெரியாது. கேட்டான், வந்தேன்."

ஃபரீத் குறுக்கிட்டார். "மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வாங்க தம்பி. நாங்க பேசி வைக்கோம்."

ஆஷிக் எழுந்தான். பைக்கை எடுக்கும் முன் நின்று, "கடையநல்லூர்ல உங்களுக்கு வந்த புக்கிங் எல்லாம் நான் சொல்லித்தான் வந்துச்சு பாய். அதையும் நெனச்சிக்கிடுங்க" என்றான். மிரட்டலா, வருத்தமா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அவன் போனதும் சாஜிதா கடைக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"குடுத்துருவோம் நஸ்ரின். காசு குடுத்தவரு கேக்காரு. கல்யாணம் நின்னதுக்கும் நமக்கும் என்ன இருக்கு?"

"குடுக்கக்கூடாது மைனி," என்றாள் நஸ்ரின் அண்ணியிடம்.

"ஏன்ட்டி?"

அந்த நிச்சயதார்த்த வீடு நஸ்ரினின் கண்ணுக்குள் இருந்தது. மாடியில் பெண்களுக்கென்று ஒதுக்கிய அறை. கதவைச் சாத்தியதும் இரண்டு வீட்டுப் பெண்களும் முக்காட்டை எடுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரிக்க ஆரம்பித்தார்கள். ரைஹானாவின் சிநேகிதிகள் அவளை இழுத்து நடுவில் விட்டுக் கைதட்டினார்கள். அவள் தலைமுடி அவிழ்ந்து விழுந்தது. அப்போதுதான் அவளுடைய மாமி ஒருத்தி நஸ்ரின் கையைப் பிடித்து, "இது வெளிய போகாதுல்லம்மா?" என்று கேட்டாள்.

"என் கையை விட்டுப் போகாதுன்னு நான் சொன்னேன் மைனி. அதுக்குப் பொறவுதான் அவங்க எல்லாரும் கேமராவை மறந்து இருந்தாவ."

"நீ எதுக்கு அப்படியெல்லாம் வாக்குக் குடுக்கே?" ஃபரீத்தின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது.

"அந்த வாக்குக்காகத்தான், காக்கா, நம்மளைக் கூப்பிடுதாவ. நம்ம கேமராவை விட நல்ல கேமரா தென்காசியிலயும் இருக்கு, ராஜபாளையத்துலயும் இருக்கு," என்றாள் நஸ்ரின் அண்ணனிடம்.

டீ வந்தது. ஃபரீத் தம்ளரைத் தொடவில்லை.

சாஜிதா கம்ப்யூட்டரில் அந்த நிச்சயதார்த்தப் படங்களைத் திறந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மருதாணி காயாத கைகள். வளையல் போட்டுவிடும் ஒரு வயதான அம்மா. பாலூட்டிக்கொண்டே கைதட்டும் ஒரு பெண். தரையில் உட்கார்ந்து காலை நீட்டியபடி வாய்விட்டுச் சிரிக்கும் ரைஹானா. அந்தப் படத்தில் சாஜிதாவின் கை நின்றது. நாமும் இப்படி ஒரு அறையில் ஒரு நாள் சிரித்திருப்போம் என்று தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று அதை மூடினாள்.

"சரி. படத்தைக் குடுக்க வேண்டாம்," என்றாள். "அப்போ நிச்சயத்துக்கு எடுத்த கூலி பதினஞ்சாயிரத்தை நாம வச்சிக்கிட முடியாது. சரக்கைத் தராம கூலி வாங்க முடியுமா?"

"மிச்சம் முப்பத்தஞ்சாயிரம் கல்யாணத் தேதியை நாம ஒதுக்கி வச்சதுக்கு உள்ளதுல்லா?" என்றார் ஃபரீத்.

"அதைத்தான் யோசிக்கேன். தாள்ல எழுதியிருக்கு, கையெழுத்துப் போட்டிருக்காரு. வச்சிக்கிட்டா யாரும் கேக்க முடியாது. ஆனா இதைக் கேளுங்க. அவரு பணமும் நம்மகிட்ட இருக்கு, அவரு கேட்ட படமும் நம்மகிட்ட இருக்கு. ரெண்டையும் வச்சிக்கிட்டு நாம மானம் மரியாதைன்னு பேசுனா, காசை அமுக்கத்தான் பேசுதாவன்னு தோணும். எனக்கே தோணும். முழுசாக் குடுத்துட்டா மட்டும்தான் படம் தரமாட்டோம்னு நிமிர்ந்து சொல்லலாம்."

அந்த வரியை எழுதியவளே இப்படிச் சொன்னது நஸ்ரினுக்கு ஆச்சரியமாக இருந்தது. மைனியிடம் சண்டை போட வேண்டியிருக்கும் என்று காலையிலிருந்து சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவை இப்போது தேவைப்படவில்லை.

"ஐம்பதாயிரத்துக்கு எங்க போக?" என்றார் ஃபரீத்.

எங்கே இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும்.

"கேமராவுக்கு எடுத்து வச்சதைக் குடுங்க," என்றாள் நஸ்ரின்.

"யோசிச்சுச் சொல்லு. இந்தப் பழசு மழைநாள் வந்தா மக்கர் பண்ணும். அடுத்த சீசன் வரைக்கும் இதை வச்சுத்தான் ஓட்டணும்," என்றாள் சாஜிதா.

"ஓட்டுதேன்."

சாஜிதா அவள் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்துப் பணம் அனுப்ப ஆஷிக் அலியின் நம்பரைத் தேடினாள்.

ஃபரீத் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றார். தெருவில் தறிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தார், பையில் போட்டார், மறுபடியும் எடுத்தார். பணம் போகிறதே என்று வருத்தப்படுகிறார் என நஸ்ரின் நினைத்தாள்.

ஆஷிக் திரும்பி வந்தபோது அவன் கையிலேயே போன் இருந்தது.

"முழுப் பணமும் என் கணக்குக்கு வந்திருக்கு பாய்."

"ஆமா தம்பி."

"வேற யாரும் இப்படித் திருப்பித் தரல." அவன் நம்பாமல் மறுபடியும் திரையைப் பார்த்தான். "அப்போ படம்?"

"படம் இல்ல."

"இல்லைன்னா?"

"தர மாட்டோம்," என்றாள் சாஜிதா. "அதுக்குத்தான் கூலியையும் சேத்துத் திருப்பிட்டோம்."

இப்போது அவனுக்குக் கோபம் வந்தது. "காசைக் குடுத்து என் வாயை அடைக்கீங்களா? அந்தப் பொண்ணு எங்க குடும்பத்தை ஊர் முன்னால நிறுத்திட்டா. நீங்களும் அந்தப் பக்கம்தானா?"

நஸ்ரின் மேசைக்கு இந்தப் பக்கம் வந்தாள்.

"அன்னிக்கு அந்த ரூம்ல உங்க வீட்டுப் பொம்பளைங்களும் இருந்தாவ. உங்க உம்மா இருந்தாவ. உங்க வீட்டம்மா பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தாவ. நாளைக்கு மைதீன் பாட்சா வந்து, என் வீட்டுல எடுத்த படம், அம்புட்டையும் குடுன்னு கேட்டா, அதையும் சேத்துக் குடுக்கட்டுமா?"

ஆஷிக் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

நஸ்ரின் ஒரு கவரை அவன் முன் வைத்தாள். அவன் தொழப் போயிருந்த நேரத்தில் பிரிண்ட் போட்டது. அதில் கடையநல்லூர்ப் பெண்கள் மட்டும் இருந்த படங்கள்.

"இது உங்க வீட்டுக்குச் சேர வேண்டியது. இதுக்குக் காசு வேண்டாம்."

மேலே இருந்த படத்தில் அவனுடைய உம்மா. யாரோ சொன்ன ஏதோ ஒரு பேச்சுக்குச் சிரித்து, வாயைக் கையால் மூடப் போய், மூடுவதற்குள் அகப்பட்ட படம். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எங்க வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பொறவு இவங்க போட்டோவுக்கே நிக்க மாட்டாவ."

கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வாசல் வரை போய் நின்றான்.

"ரிஸ்வான் கெட்டவன் இல்ல," என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. "ஆனா அந்தப் பிள்ளைகிட்டப் போனை எடுத்தா வைக்க மாட்டான். எங்க போன, யாரைப் பாத்த, ஏன் லேட்டா எடுத்த... நானே ரெண்டு தடவை சத்தம் போட்டேன்."

பைக் திரும்பிப் போன பிறகும் அந்தப் பேச்சு கடைக்குள் நின்றது.

சாஜிதா, ஆஷிக் வீட்டுப் பெண்கள் இல்லாத மற்றப் படங்களை மட்டும் ஒரு பென்டிரைவில் ஏற்றினாள். பிறகு கம்ப்யூட்டரிலும் ஹார்ட் டிஸ்கிலும் இருந்தவற்றை நஸ்ரின் கண் முன்னாலேயே அழித்தாள். "இதை நீயே போய் அந்தப் பொண்ணு கையில குடு" என்றாள். ஃபரீத், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கொண்டு விடுதேன்" என்று கிளம்பினார்.

புளியங்குடி பஸ்ஸில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. நஸ்ரின் படியில் கால் வைக்கப் போனபோது ஃபரீத் அவள் பையைப் பிடித்தார்.

"கொஞ்சம் நில்லு."

"என்ன காக்கா?"

"நான் கொஞ்சம் படம் அனுப்பிட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"யாருக்கு?"

"ரிஸ்வானுக்கு. நிச்சயம் முடிஞ்ச வாரம் வாட்ஸ்அப்புல கேட்டான். கட்டிக்கப் போறவன்தானேன்னு, பத்துப் பன்னெண்டு படம் அனுப்பிட்டேன். உன்கிட்டக் கேக்கணும்னு அப்போ தோணல. கல்யாணம் நின்ன பொறவு 'அழிச்சிடுப்பா'ன்னு மெசேஜ் போட்டேன். பாத்துட்டான். பதில் இல்ல."

பழ வண்டிக்காரர் ஒருவர் அவர்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு போனார். நஸ்ரின் ஒதுங்கினாள்.

"காலையில நான் அவ்வளவு பேசும்போது சொல்லியிருக்கலாம்லா?"

"நீ பேசப் பேச எனக்கு வாய் வரல."

அவர் நீட்டிய போனில் அந்தப் படங்களை அவள் பார்த்தாள். தரையில் கால் நீட்டிச் சிரிக்கும் ரைஹானாவும் அதில் இருந்தாள். காலையிலிருந்து அவள் கட்டிக் காத்தது, அவள் வாயே திறக்கும் முன் போய்விட்டிருக்கிறது. கேமராவும் போயிற்று, பணமும் போயிற்று.

"நானும் வாரேன்," என்றார் ஃபரீத். "நான் செஞ்சதுக்கு நான்தானே நிக்கணும்."

"வாக்குக் குடுத்தது நான். அந்தப் பிள்ளைகிட்ட நான்தான் சொல்லணும். நீங்க போய் மைனிகிட்டச் சொல்லுங்க."

ஃபரீத்தின் முகத்தைப் பார்த்தால், புளியங்குடிக்குப் போவதே அவருக்குச் சுலபம் என்று தோன்றியது. நஸ்ரின் அந்தப் படங்களைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. சொல்லாமலும் இருந்துவிடலாம். படங்கள் மாப்பிள்ளையிடம் இருப்பது ரைஹானாவுக்குத் தெரிய வேண்டும் என்று என்ன அவசியம்? தெரிந்தால் நிம்மதியாகத் தூங்குவாளா? சொல்லாமல் இருப்பது அவளுக்காகவா, ஸ்டூடியோவுக்காகவா? கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டும் பதில் ஒரு பக்கம் சாயவில்லை. பஸ் புளியங்குடிக்குள் நுழைந்ததும் எலுமிச்சை வாடை ஜன்னல் வழியே வந்தது.

மைதீன் பாட்சா வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"வாம்மா. இப்பத்தான் ஆஷிக் போன் பண்ணினான். கல்யாணம் நின்னதுல இருந்து அவன் எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசுனதே இல்ல. 'முழுப் பணத்தையும் திருப்பிட்டாங்க, ஆனா படத்தைத் தரல. அவங்க செஞ்சதுதான் சரி'ன்னான்."

உள்ளே உட்கார வைத்தார். ரைஹானா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நிச்சயதார்த்தத்தன்று பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். ஆனால் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

நஸ்ரின் பென்டிரைவை அவள் கையில் கொடுத்தாள்.

"கடையில இருந்ததை எல்லாம் அழிச்சாச்சு."

மைதீன் பாட்சா அலமாரியைத் திறந்து பணத்தை எடுத்து, எண்ணாமலே டீத் தட்டின் பக்கத்தில் வைத்தார். "நிச்சயத்துக்கு நீ உழைச்ச கூலி. அவன் தர வேண்டாம், நான் தாரேன். என் பிள்ளை படத்தைக் காப்பாத்திக் குடுத்திருக்கே. வேண்டாம்னு சொல்லாத."

நஸ்ரின் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ரைஹானா பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் இதுலயே இருக்கா ராத்தா? வேற எங்கயும் இல்லல்ல?"

இல்லை என்று ஒரு சொல் போதும். பெரியவரின் முகத்தில் நாள்கணக்காக இல்லாத ஒரு தெளிவு வந்திருந்தது. பணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கேட்டவளும் இல்லை என்ற பதிலைத்தான் எதிர்பார்ப்பதாக நஸ்ரினுக்குத் தோன்றியது.

"இருக்கும்மா," என்றாள் நஸ்ரின். "கொஞ்சப் படம் வெளிய போயிருக்கு."

எப்படிப் போனது என்று சொன்னாள். அண்ணனுக்காக ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "வாக்குக் குடுத்தது நான். காக்காகிட்ட அதைச் சொல்லி வச்சிருக்கணும், சொல்லல. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

மைதீன் பாட்சா எழுந்துவிட்டார். "உங்களை நம்பித்தானே வீட்டுக்குள்ள விட்டோம்! பொம்பளை எடுத்தா என்ன, ஆம்பளை எடுத்தா என்ன? கடைசியில அங்கனதான போய்ச் சேந்திருக்கு!"

"வாப்பா, இருங்க." ரைஹானா கையை நீட்டினாள். "எந்தப் படம்னு காட்டுங்க."

நஸ்ரின் போனைக் கொடுத்தாள். ரைஹானா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கால் நீட்டிச் சிரிக்கும் படம் வந்ததும் விரல் நின்றது. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இதை அவரு அப்பவே எனக்கு அனுப்பினாரு. வெளிய போனது தெரிஞ்சுதான் உங்ககிட்டக் கேட்டேன்," என்றாள். "யாரைப் பாத்து இப்படிச் சிரிக்கேன்னு கேட்டாரு. பொம்பளைங்க மட்டும் இருந்தோம்னு சொன்னேன். நம்பல. அப்போ அந்தப் பக்கம் யாரு நின்னா, யாரு நின்னான்னு விடியிற வரைக்கும் அதே கேள்வி. அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. இப்படி ஒரு சிரிப்புக்கு ஆயுசு முழுக்கக் கணக்குச் சொல்ல என்னால முடியாதுன்னு."

அவள் நிமிர்ந்து நஸ்ரினைப் பார்த்தாள்.

"உங்களைப் பாத்துத்தான் ராத்தா சிரிச்சேன். முக்காடு வழுக்கி விழுந்து, அதையும் கவனிக்காம நீங்க கேமராவும் கையுமா முட்டி போட்டு வந்தீங்கள்லா? அதைப் பாத்துத்தான்."

நஸ்ரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஃபரீத் செய்தது தப்பு. அந்தத் தப்பு இல்லாவிட்டால் இந்தப் பெண் இந்நேரம் எந்த வீட்டில், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்? அதற்காக அது சரியாகிவிடுமா? ஆகாது என்றுதான் அவள் மனசு சொன்னது.

அவள் பணத்தை மெல்ல மைதீன் பாட்சாவின் பக்கம் தள்ளினாள்.

"இது இப்போ எங்களுக்குச் சேராது."

பெரியவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தள்ளவும் இல்லை. மகளையே பார்த்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். அந்தப் படத்தைப் பற்றி, அந்த இரவைப் பற்றி அவள் வீட்டில் இதுவரை சொன்னதில்லை போலும்.

ரைஹானா தன் போனை எடுத்தாள்.

"யாருக்குட்டி?" என்றார் மைதீன் பாட்சா.

"அவரு அண்ணனுக்கு."

"நான் பேசுதேன். குடு."

"என் படம் வாப்பா. நானே கேக்கேன்."

ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். மணி அடித்தது. எடுத்தான்.

"ஆஷிக் காக்கா, ரைஹானா பேசுதேன். வச்சிராதீங்க. உங்க தம்பிகிட்ட என் படம் கொஞ்சம் இருக்கு. எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும், அதுல உங்க தப்பு இல்ல. அது அவருகிட்ட இருக்கக்கூடாது. நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

மறுமுனையில் பின்னால் ஒரு குழந்தை அழுதது, யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நான் சொன்னா அவன் கேக்க மாட்டான் தங்கச்சி," என்றான் ஆஷிக். குரல் தாழ்ந்திருந்தது. "கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. கொஞ்சம் லைன்லயே இரு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. ஆஷிக் யாரிடமோ மெதுவாக ஏதோ சொல்வதும், அவர் திரும்பக் கேட்பதும் கேட்டன. மைதீன் பாட்சா மேசையை நோக்கிக் குனிந்தார்.

பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல் வந்தது, ஆஷிக்கின் உம்மாவுடையது.

"நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்," என்றது அந்தக் குரல். "சொல்லு மக்கா. ஒண்ணும் விடாம எங்கிட்டச் சொல்லு."